வெந்த உடம்புக்கு முட்டை ஆகாது

இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல வலித்தது ரோசம்மாளுக்கு. கரும்புக் கட்டு தூக்கிய உடம்பு அது. நாள் முழுக்கக் குனிந்து களை எடுத்தாலும் சாயங்காலம் நிமிர்ந்து நடந்து வீடு போய்ச் சேரும். அதை இந்த ஆஸ்பத்திரி வராந்தாவின் டைல்ஸ் தரை ஒரே வாரத்தில் முறித்துப் போட்டுவிட்டது. தரையின் குளிர் இடுப்பில் ஏறி, தொடை வழியாக இறங்கி, பாதம் மரத்துப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம், தீக்காய வார்டில், அவள் மகள் சுகன்யா கொசுவலைக்குள் படுத்திருந்தாள்.

கழுத்து, மார்பு, இரண்டு கை, வயிறு. நூற்றுக்கு நாற்பது பங்கு வெந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். முகம் தப்பித்தது. புகை நெஞ்சுக்குள் இறங்கவில்லை. வயதும் சின்ன வயது. முதல் நாலைந்து நாளைத் தாண்டிவிட்டாள். இனிமேல் கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்வதும், நன்றாகச் சாப்பிடவைப்பதும்தான்; பிழைப்பதற்கு வழி இருக்கிறது என்றார். ரோசம்மாள் கடைசி வார்த்தையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வில்லியனூர் மாதா கோயில் இருக்கும் திசை எது என்று வாட்ச்மேனிடம் கேட்டு, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

சுகன்யாவைக் கரையாம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. புருஷன் பாக்யராஜுக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கொஞ்ச காலம் சுகன்யாவும் அங்கேயே வேறொரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போனாள். யாரோடு பேசினாய், எதற்குச் சிரித்தாய் என்று ஆரம்பித்து வேலையை நிறுத்தினான். அப்புறம் போனைப் பிடுங்கினான். அடி அதற்கெல்லாம் முன்னாலிருந்தே இருந்தது. அவள் அம்மா வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ரோசம்மாள் சோறு போட்டு, படுக்கவைத்து, மறுநாள் வில்லியனூரில் பஸ் ஏற்றி அனுப்பினாள். இரண்டு பிள்ளை பெற்றவள் அம்மா வீட்டில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று ரோசம்மாளுக்குத் தெரியும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் மகளின் முதுகைப் பார்க்க மட்டும் அவளால் முடிந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வெளியே அனுப்பிவிட்டு, சுகன்யா தன்மேல் தீ வைத்துக்கொண்டாள். பாக்யராஜ்தான் ஓடிவந்து சாக்கைப் போட்டு அணைத்தான். அவன் உள்ளங்கையும் வெந்தது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தண்ணீர் ஊற்றினால் கொப்பளிக்கும் என்று சொல்லி, இட்லி மாவைச் சட்டியோடு கொண்டுவந்து பூசினார்கள். ஆஸ்பத்திரியில் அந்த மாவைச் சுரண்டி எடுத்தபோது சுகன்யா போட்ட சத்தம், தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

வண்டியில் வரும்போதே பேசி முடித்துவிட்டார்கள். கேட்டால் கேஸ் அடுப்பு பற்றிக்கொண்டது என்று சொல்லவேண்டும். பாக்யராஜின் அம்மா கலியம்மாள் சொன்னாள், அவன் தலையாட்டினான், சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த ரோசம்மாளும் தலையாட்டினாள். மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்க வந்த அன்று பாக்யராஜ் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிவந்து வார்டு வாசலில் நிறுத்தினான். சுகன்யா கதவுப் பக்கம் பார்த்தாள். அடுப்புதான் பற்றிக்கொண்டது என்றாள். எழுதிக்கொண்டவர் இரண்டாம் தடவை கேட்டார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவன் படியிறங்கினான்.

இதெல்லாம் நடந்து முடிந்தபிறகுதான் முட்டை வந்தது.

வார்டில் காலையில் பால், ரொட்டி, மத்தியானம் சோற்றோடு அவித்த முட்டை கொடுத்தார்கள். அது போதாது, வெளியிலும் வாங்கிக் கொடுக்கவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை முடியுமோ அத்தனை வெள்ளைக்கரு உள்ளே போகவேண்டும் என்று நர்ஸ் விஜயராணி சொன்னாள். புண்ணிலிருந்து வடிந்து கட்டுத்துணியை நனைக்கிற தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, உடம்பின் சத்து. அதைத் திருப்பி உள்ளே போடாவிட்டால் புண் மூடாது என்றாள். ரோசம்மாள் சரி சிஸ்டர் என்றாள். வேகமாகப் பேசுகிறவர்களிடம் அவள் எப்போதும் சரி என்றுதான் சொல்வாள். மேஸ்திரியிடம் அப்படித்தான், ரேஷன் கடையில் அப்படித்தான்.

ஆனால் புண்ணுக்கு முட்டை ஆகாது என்பது அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். அரிவாள் பட்டாலும் சரி, பிரசவத்தில் கிழிந்தாலும் சரி, புண் ஆறுகிறவரை முட்டை, மீன், கத்தரிக்காய், பருப்பு கிடையாது. தின்றால் சீழ் கோத்துக்கொள்ளும். கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான் பத்தியம். அதிலும் முட்டை சூடு. நெருப்பில் வெந்த உடம்புக்குள் இன்னும் சூட்டை இறக்குவதா? படித்தவர்கள் ஊசி போடத் தெரிந்தவர்கள், சோற்றைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் அவள் பக்கத்தில் படுப்பவள் கனகாம்பாள். பாகூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள வீடு. அவள் புருஷன் சர்க்கரைப் புண்ணுக்குப் பக்கத்து வார்டில் இருந்தார். கனகாம்பாள் வீட்டு வயலில் ரோசம்மாள் ஒரு காலத்தில் அறுப்புக்குப் போயிருக்கிறாள். வாசல் படிக்குக் கீழே நின்று கூலி வாங்கியிருக்கிறாள். இப்போது இரண்டு பேரும் ஒரே குழாயில் பல் விளக்கினார்கள்.

"நம்ம ரெண்டு பேரயும் ஒரே தரையில படுக்கவெக்க இந்த ஆஸ்பத்திரியாலதாண்டி முடிஞ்சுது" என்று கனகாம்பாளே ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். ரோசம்மாள் சிரித்து வைத்தாள். பாய் மட்டும் இரண்டாகத்தான் இருந்தது.

முட்டை விஷயத்தைக் கனகாம்பாளிடம்தான் கேட்டாள். கேட்டதும் அவள் பதறிப்போனாள். தன் புருஷனுக்கு முதலில் மண்வெட்டி பட்டு ஒரு விரல்தான் புண்ணாயிருந்ததாம். எவனோ வீட்டுக்குப் பார்க்க வந்தவன் முட்டை போண்டா வாங்கி வந்தானாம். மறுநாளே கால் வீங்கி, சீழ் வைத்து, விரலை எடுத்தார்களாம். சர்க்கரைதான் காரணம் என்று டாக்டர் சொன்னதை அந்த வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. போண்டாவில்தான் பழி நின்றது.

அதோடு ரோசம்மாளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. காலையில் கேன்டீனில் கஞ்சி வாங்கி, ஆற்றி, உப்புக்கூட இல்லாமல் மகளுக்குக் கரண்டியால் ஊட்டினாள். மத்தியானம் வந்த முட்டையை உரித்து, முட்டை ஓடுகளைக் கட்டிலுக்குக் கீழே இருந்த குப்பை டப்பாவில் போட்டாள். ஓடுகளைப் பார்த்து விஜயராணி திருப்திப்பட்டாள். கடையில் வாங்கிய முட்டைகளும் அப்படித்தான். உரித்த முட்டைகளைத் தூக்குச் சட்டியில் போட்டு மூடி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். வார்டுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமெண்ட் கட்டையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பான்.

மாப்பிள்ளை வந்திருக்கும்போது அவனை வெறும் வயிறாக விட்டு ஒரு மாமியார் சாப்பிட முடியாது. வீட்டில் என்றால் கோழி அடித்திருப்பாள். இங்கே கோழிக்கு எங்கே போவது? அதுவும் இவன் கோபித்துக்கொண்டு போய்விட்டால், கையெழுத்துப் போட ஆள் இல்லை, பிள்ளைகள் அவன் வீட்டில் இருக்கிறார்கள், பிழைத்து எழுந்தால் சுகன்யாவும் அந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். மகளுக்கு ஆகாத முட்டை மாப்பிள்ளைக்கு ஆகும். வீணாகவும் போகாது. இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால் அவளால் காட்டியிருக்க முடியாது.

"இன்னா அத்த, தெனம் முட்டயா?" என்றான் பாக்யராஜ். கட்டுப் போட்ட கையால் பிடிக்க முடியாமல் அடுத்த கையால் எடுத்தான். "எனக்கே கொலஸ்ட்ரால் வந்துடும்போல கீது. அவளுக்கு வேணாமா?"

"அவளுக்கு ஆவாது மாப்ள. புண்ணு."

"அதுவும் கரெக்டுதான்" என்றான். இரண்டாவது முட்டையை வாயில் போட்டுக்கொண்டு, நாளைக்குக் கொஞ்சம் மிளகுத்தூளும் உப்பும் மடித்துக் கொண்டுவந்தால் நன்றாயிருக்கும் என்றான். மறுநாள் அவள் மடித்துக்கொண்டு போனாள்.

சுகன்யாவுக்குப் பசித்தது. வெந்த உடம்புக்கு அகோரப் பசி எடுக்கும் என்பது ரோசம்மாளுக்குப் புதுசு. கஞ்சி குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடி வாயைத் திறப்பாள். ஒரு மத்தியானம் ரோசம்மாள் கட்டிலோரம் நின்று முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது, கொசுவலைக்குள்ளிருந்து மகள் சொன்னாள்:

"எம்மா. முட்ட வாசன வருது."

"பக்கத்து பெட்டுக்குடி."

"உங்கையிலதாம்மா கீது. எனக்கு ஒன்னு குடு. பசிக்குது."

"புண்ணு ஆறட்டும். வூட்டுக்குப் போனதும் நாட்டுக்கோழி முட்டையா அவிச்சுத் தர்றேன்."

சுகன்யா அவளைப் பார்த்தாள். கழுத்தைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் திருப்பினாள். "பாதியாவது" என்றாள். ரோசம்மாள் தூக்கை மூடி முந்தானைக்குள் வைத்தாள். ஒரு தாய் தன் பிள்ளைக்கு இல்லை என்று சொல்வதற்கு எத்தனை பலம் வேண்டுமோ அத்தனையும் சேர்த்துத்தான் சொன்னாள். கல்நெஞ்சம் வேண்டும் பத்தியம் காக்க என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் சுகன்யாவின் கால் வீங்கியது. வேகாத கால். அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மார்புப் புண் சிவந்து மூடவேண்டிய இடத்தில் வெளுத்து, சாயம்போன துணிமாதிரி ஆகிவிட்டது. டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். முட்டை கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கொடுக்கிறோம் சார் என்றாள் ரோசம்மாள். பால்? கொடுக்கிறோம் சார். பாலும் சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் விஜயராணியைப் பார்த்தார். விஜயராணி குப்பை டப்பாவைப் பார்த்தாள். ஓடு இருந்தது.

அன்று மத்தியானம் விஜயராணி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தடிப் பக்கம் வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பாக்யராஜ் முட்டையை மிளகில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். ரோசம்மாள் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, புண்ணு யாருக்கு?" என்றாள் விஜயராணி. கத்தவில்லை. "இவருக்கா?"

பாக்யராஜ் எழுந்து, கையைப் பின்னால் துடைத்துக்கொண்டு, அத்தைதான் கொடுத்தது என்றான். போய்விட்டான். ரோசம்மாள் தூக்கை மூடப் பார்த்தாள். மூடி சேரவில்லை.

"சூடும்மா அது. ஏற்கனவே வெந்த ஒடம்பு. சீழ் கோத்துக்கும்னு..."

விஜயராணி டப்பாவைக் கட்டையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் திட்டுவாள் என்று ரோசம்மாள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நீங்க கோழி வளத்திருக்கீங்கல்ல ஆயா? முட்டைக்குள்ள குஞ்சு உருவாவுதே, அதுக்குத் தோலு எதுலேந்து வருது? வெளிய இருந்து எதுனா போடறமா? அந்த வெள்ளையும் மஞ்சளும்தான தோலாவுது, எறக்கையாவுது. உங்க பொண்ணுக்கு இப்ப தோலு வரணும். எதுலேந்து வரும் சொல்லுங்க. கஞ்சியிலேந்தா?"

ரோசம்மாள் எத்தனையோ தடவை அடைக்கு வைத்திருக்கிறாள். பொரிக்காமல் போன முட்டையை உடைத்தால் உள்ளே பாதி வளர்ந்த குஞ்சு ஈரத்தோலோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். அது ஞாபகத்துக்கு வந்தது. அவள் மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கனகாம்பாளிடம் எதையும் கேட்கவில்லை.

சாயங்காலமே முட்டையை மசித்துப் பாலில் கரைத்துக் கொண்டுபோனாள். சுகன்யாவால் முழுங்க முடியவில்லை. காய்ச்சல் வந்திருந்தது. இரண்டு கரண்டி உள்ளே போனது, அப்படியே வெளியே வந்தது.

"சாப்புடுடி. கேட்டியேடி அன்னிக்கி."

"இப்ப வேணாம்மா. வாசன புடிக்கல."

மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். விஜயராணி முட்டையும் பாலும் அடித்துக் குழாயில் ஊற்றினாள். ரோசம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, குழாயில் இறங்குகிற மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது வயிற்றுக்குப் போகிறதா, தோலாகிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. தினமும் ஒரு தடவை கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். குழி ஆழம் குறைந்தமாதிரி ஒரு நாள் இருந்தது. அன்று மட்டும் அவள் சோறு தின்றாள்.

முட்டை நின்றதும் பாக்யராஜ் வருவதும் குறைந்தது. கவனிப்பு இல்லை என்று கோபித்துக்கொண்டான் என்றுதான் ரோசம்மாள் முதலில் நினைத்தாள். உண்மை வேறு. அந்த வாரம்தான் ஸ்டேஷனில் விசாரணை முடிந்து, அடுப்பு விபத்து என்று எழுதி மூடியிருந்தார்கள். அதுவரை சுகன்யா சொன்னதை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவன் மரத்தடியில் காத்துக் கிடந்தான். முட்டை உபரி.

தொடையிலிருந்து தோல் எடுத்து மார்பில் ஒட்டவேண்டும், இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். உடம்பில் ரத்தம் குறைவு, ஏற்றிக்கொண்டுதான் செய்யமுடியும். ரத்த வங்கியில் இருப்பு இல்லாத நேரம். யாராவது சொந்தக்காரர்கள் வந்து கொடுக்கவேண்டும் என்றார்கள். ரோசம்மாள் முதலில் தன் கையைத்தான் நீட்டினாள். விரலில் குத்தி, ஒரு துளியை நீலத் தண்ணீரில் விட்டார் அங்கிருந்தவர். துளி முங்காமல் மேலேயே மிதந்தது. "உனக்கே ஏத்தணும் ஆயா" என்று பஞ்சை வைத்து அனுப்பிவிட்டார்.

கரையாம்புத்தூருக்குப் போன் போட்டாள். கலியம்மாள்தான் எடுத்தாள். என் பிள்ளை ஏற்கனவே கை வெந்து கிடக்கிறான், ஷிப்டும் பார்க்கிறான், ரத்தம் கொடுத்தால் ஆம்பளைக்குத் தெம்பு போய்விடும், அப்புறம் யார் சம்பாதிப்பது என்றாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு உனக்கு எங்கே தெரியும் என்றாள். பிள்ளைகள் என்றதும் ரோசம்மாள் போனை வைத்துவிட்டாள்.

ஆனாலும் பாக்யராஜ் வந்தான். ஆபரேஷனுக்கு அவன் கையெழுத்துத்தான் வேண்டியிருந்தது. போட்டான். விஜயராணி அவனைக் கையோடு ரத்த வங்கிக்கு அழைத்துப் போனாள். தானும் தருகிறேன், கம்பெனியில் தன்னோடு வேலை செய்கிறவன் ஒருத்தனையும் கூட்டிவருகிறேன் என்று அங்கே இருந்தவர்களிடம் சொன்னான். டீ குடித்துவிட்டு வருகிறேன், வெறும் வயிறு என்றான். அவன் பேரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்கள். நல்லவேளையாக அன்று காலை வேறு யாரோ, எந்த ஊர்க்காரர்களோ கொடுத்துவிட்டுப் போன ரத்தம் சேர்ந்தது. இவன் சொன்னதை நம்பி அதிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்துச் சுகன்யாவுக்கு ஏற்றினார்கள். டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒட்டிய தோல் நிற்கவில்லை. கட்டுப் பிரித்தபோது பாதி கழன்று துணியோடு வந்தது. காய்ச்சல் ஏறியது. சுகன்யா பேசுவது குழறியது. பெரியவனுக்கு யூனிபார்ம் தைக்கக் கொடுத்திருக்கிறது, வாங்கவேண்டும் என்று ஒரு தடவை தெளிவாகச் சொன்னாள். எந்தக் கடை என்று ரோசம்மாள் குனிந்து கேட்டாள். அதற்குள் பேச்சு மறுபடி குழறிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், டிரெஸ்ஸிங்குக்குத் தூக்குவதற்கு முன்னாலேயே, உயிர் போய்விட்டது.

ரோசம்மாள் அழுதது கொஞ்ச நேரம்தான். அழுதுகொண்டே டாக்டர் அறை வாசலில் போய் நின்றாள். அவர் அடுத்த நோயாளியின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒன்னே ஒன்னு கேக்கணும். மொதல்லேந்து முட்ட குடுத்திருந்தா பொழச்சிருப்பாளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். விஜயராணி சொல்லியிருக்கவேண்டும், அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒன்றைத் தனியாக எடுத்துச் சொல்ல முடியாது அம்மா என்றார். வெந்த அளவே பெரிது. வரும்போதே நேரமாகிவிட்டது, மாவு பூசியதில் கிருமி. ரத்தம் குறைவு. அந்தக் கிருமிக்கு மருந்தும் கேட்கவில்லை. சாப்பாடும் ஒரு காரணம்தான். எல்லாம் சேர்ந்துதான் என்றார்.

"முட்ட எத்தன பங்கு சார்?"

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முட்டைதான் என்று சொல்லியிருந்தால் அவளால் செத்துப்போயிருக்க முடியும். முட்டை இல்லை என்று சொல்லியிருந்தால் அவளால் சாப்பிட்டுப் படுத்திருக்க முடியும். இரண்டும் இல்லாமல் அவள் படியிறங்கினாள்.

பாக்யராஜ் வந்தான். இப்போது போன் எடுத்தான். உடம்பை வாங்கிக்கொள்ள அவனுக்குத்தான் உரிமை. ஆம்புலன்ஸில் ஏறும்போது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். நடிப்பு என்று சொல்வதற்கில்லை. அவனுக்கும் கண்ணீர் வந்தது. அடுப்பு விபத்து என்று தாளில் இருந்ததால் சாமியார் கல்லறையில் மந்திரித்து அடக்கம் செய்தார்; தானே வைத்துக்கொண்ட தீ என்று தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டார். சுகன்யா பிள்ளைகளுக்காகச் சொன்ன பொய்யில் அவளுக்குக் கிடைத்தது அது ஒன்று. பிள்ளைகளைக் கொஞ்ச நாள் வில்லியனூருக்கு அனுப்பச் சொல்லி ரோசம்மாள் கேட்டாள். பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்றாள் கலியம்மாள்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ரோசம்மாளின் போன் அடித்தது. ரத்த வங்கியிலிருந்து பேசினார்கள். நீலத் தண்ணீர்க்காரர்தான். பாக்யராஜ் நம்பரில் யாரும் எடுப்பதில்லை, அதனால் கூட இருந்தவர் நம்பரை வார்டில் வாங்கியதாகச் சொன்னார். செய்தி தெரியும், வருத்தம்தான், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பிரசவ வார்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், சொன்ன ரத்தத்தைக் கொடுத்தால் உதவியாயிருக்கும் என்றார். ரோசம்மாள் சரி சார் என்றாள். இந்தத் தடவை அவள் சொன்ன சரி வேறு.

அன்றே களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு, திருவாண்டார்கோயிலுக்கு பஸ் ஏறினாள். கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றாள். சாயங்கால ஷிப்டு விட்டுச் சட்டை ஒரே மாதிரி போட்ட ஆட்கள் கும்பலாக வந்தார்கள். பாக்யராஜ் இரண்டு பேரோடு பேசிக்கொண்டு பைக்கைத் தள்ளிவந்தான். கையில் கட்டு இல்லை. தோல் நன்றாக மூடி, வெளிர் ரோஸ் நிறத்தில் இருந்தது. ரோசம்மாள் அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னாத்த, இங்க வந்து நிக்கிற?" என்றான்.

"ஆஸ்பத்திரியிலேந்து போன் வந்துச்சி. ரெண்டு பாட்டில் ரத்தம் குடுக்கணுமாம்."

அவன் கூட வந்தவர்களைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "அவளே பூட்டா. இனிமே யாருக்கு ரத்தம்?" என்றான்.

"அவளுக்கு ஏத்தியாச்சில்ல. எவன் பெத்த புள்ளையோ குடுத்த ரத்தம். நீ குடுக்கறன்னு சொன்னதாலதான் ஏத்துனாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. அவனுக்கு அது உறைத்தது. கூட வந்தவர்களில் ஒருத்தன், மாமியார் ரத்தம் கேக்குதுடா மச்சான், ஜாக்கிரதை என்று சொல்லிச் சிரித்தான். பாக்யராஜும் அவனோடு சேர்ந்து சிரித்து, பைக்கை உதைத்தான். தனக்கு உடம்பு பலவீனமாக இருக்கிறது, ராத்திரியில் தலை சுற்றுகிறது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றான். ரோசம்மாள் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். கரும்புக் கட்டு தூக்கிய கை, வண்டி நகரவில்லை.

"எம்பொண்ணு பசின்னு கேட்டத புடுங்கி உனக்குப் போட்டேன். அது எம்மேல. சாவறவரைக்கும் எம்மேலதான். இது உம்மேல."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. வாட்ச்மேன் வந்து, வழியை விடும்மா என்றான். அவள் கையை எடுத்தாள். பைக் கரையாம்புத்தூர் பக்கம் போயிற்று.

வில்லியனூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவள் ரத்த வங்கிக்காரருக்குப் போன் போட்டாள். பார்த்தேன், கேட்டேன், கொடுக்கவில்லை, மறுபடி கேட்பேன் என்று சொன்னாள். கம்பெனி கேட்டுக்கு அவள் அடுத்த மாசமும் போனாள். அதற்கடுத்த மாசமும் போனாள். பாக்யராஜிடம் இரண்டு பாட்டில் ரத்தம் பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.